கடைசி நாலு வரிசை

அத்தியாயம் 4

"ரெண்டு கோடு, மாமா. வாழ்த்துகள். தாயும் சேயும் நலம்."

என் மருமகள் சோதனைப் பட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். சுண்டுவிரல் அகலக் காகிதம். மக்காச்சோளத்தை நசுக்கி, தண்ணீரில் குலுக்கி, இதை அதில் முக்கி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் சோளம் சுத்தம். இரண்டு விழுந்தால் மரபணு மாற்றிய மணி கலந்திருக்கிறது. சங்கத்துக்காரர்கள் அதை 'மாத்து விதை' என்பார்கள். சொல்லிவிட்டு, கெட்ட வார்த்தை பேசிவிட்டவர்கள் மாதிரி சுற்றிலும் பார்ப்பார்கள்.

"சிரிக்கிற விஷயமாம்மா இது?" என்றார் மூத்தவர், சோளத்துக்குச் சொந்தக்காரர்.

"அழுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. ஆளுக்கு ஒரு வேலை."

எடைக் கொட்டகை வாசலில் மூத்தவரின் டிரெய்லர் நின்றது. குழந்தை உணவு ஆலை அதைக் காலையில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது. ஆலைக்காரன் ஏமாற்றுகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் நாங்களே ஒரு முறை முக்கிப் பார்த்தோம். ஆலைக்காரன் ஏமாற்றவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

விஷயம் இதுதான். இருபது வீட்டுச் சங்கம். இருபது வீடும் சாதா மக்காச்சோளம் மட்டும் போடும், ஆலை அதை அரைத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி மாவாக விற்கும். ஒரு வீட்டுச் சோளம் கெட்டால் இருபது வீட்டையும் ஆலை உதறிவிடும். அதனால் சங்கத்தில் ஒரு விதி: யார் சோளத்தில் இரண்டு கோடு விழுகிறதோ அவர் பெயர் அடிக்கப்படும். காரணம் கேட்கப்பட மாட்டாது. பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்து கலந்தது என்று நிரூபித்தால் மட்டும் மன்னிப்பு.

விதியைத் தன் கைப்பட எழுதியவர் மூத்தவர். அதில் முதலில் அடிபட்டது அவருடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருஷம் ஆகிறது; அப்போது சங்கத்தில் இருபத்தோரு வீடு. "நான் மாத்து விதை போடவே இல்லை" என்று தம்பி தொண்டை கிழியக் கத்தியும் பெயர் போனது. பிறகு ரோஷத்தில் அவன் நிஜமாகவே மாத்து விதை போட ஆரம்பித்தான், அண்ணன் வரப்பை ஒட்டியே. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

இப்போது அதே விதி எழுதினவர் கழுத்துக்கே வந்து நிற்கிறது. பெயர் போனால் ஆலை போகும். அதைவிடப் பெரிதாக, திருட்டு விதை போட்டவர் என்ற பட்டம் வந்து சேரும்.

"அவன் வயல் மகரந்தம்தான், ஐயா. அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்றார்.

"தீர்ப்ப எழுதி வெச்சுட்டு விசாரணைக்குக் கூப்பிடுறாரு" என்றாள் மருமகள், என் காதில் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கும்படி.

கொட்டகைக்குள்ளிருந்து சங்கத் தலைவியம்மா எட்டிப் பார்த்தார். கையில் கூட்டப் பதிவேடு.

"நாலு மணிக்குக் கூட்டம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் காத்திருக்க மாட்டோம்."

மணி பதினொன்று.

என்னைப் பற்றி இரண்டு வரி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சங்கத்தின் விதைப்பு வண்டியை இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். விதைப்புக் காலம் போக மீதி நாளில் திருட்டுப் போன மோட்டாரையும், தானாக நகர்ந்த எல்லைக் கல்லையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். முழங்கால் போனதும் வண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் துப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். மனிதர்களை நம்பாதவனுக்கு இதைவிடத் தோதான தொழில் இல்லை. மகன் மனைவி எனக்கு வேன் ஓட்டுவாள், காகிதம் படித்துச் சொல்லுவாள். வாயை மூடு என்றால் அது மட்டும் அவளுக்குக் கேட்காது. மூத்தவரிடம் என்னைச் சிபாரிசு செய்ததே என் மகன்தான்.

---

வயலில் சோளம் காய்ந்து நின்றது. கை பட்டால் சரசரத்தது. அறுவடை வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று வயல் வாசல் பக்கம் குறுக்கே ஒரு துண்டு மட்டும் அறுத்திருந்தார்கள். டிரெய்லரில் போனது அந்தத் துண்டுதான்.

"குறுக்க அறுத்தீங்களா? அப்ப நூத்தி இருபது வரிசையோட நுனியும் அந்த டிரெய்லர்ல இருக்கு. எந்த வரிசை கெட்டதுன்னு டிரெய்லரைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்றேன்.

"எந்த வரிசை? இதுதான். இந்த வரப்பு ஓரம்" என்று மூத்தவர் தம்பி வயல் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே நீட்டினார்.

நான் பார்த்தேன். தம்பி வயலில் கதிர் மட்டை இன்னும் பச்சை.

"அவரு எப்ப விதைச்சாரு?"

"நான் விதைச்சு இருபது நாள் கழிச்சு. எதையும் நேரத்துக்குச் செய்ய மாட்டான்."

மருமகள் சிரித்துவிட்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சு இருபது நாள் கழிச்சு மாப்பிள்ளை வந்து இறங்கியிருக்காரு. என்னத்தைப் பண்ணியிருப்பாரு பாவம்?"

மூத்தவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் புரியாத மாதிரி நின்றார். நான் உடைத்துச் சொன்னேன். அவர் கதிரில், மகரந்தம் வந்து ஒட்டும் பட்டு நூல் ஈரமாக நின்றபோது தம்பி வயல் பூக்கவே இல்லை. அவன் வயல் பூத்து மகரந்தம் பறந்தபோது இங்கே நூல் கருகி உதிர்ந்துவிட்டது. காற்று என்ன பாடுபட்டாலும் மகரந்தம் உட்கார இடம் இல்லை.

"வாய்ப் பேச்சு வேண்டாம். முக்கிப் பாருங்க" என்றார்.

முக்கினோம். வரப்பு ஓரம் பத்துக் கதிர். ஒவ்வொன்றிலும் பத்து மணி எடுத்து, குறட்டால் நசுக்கி, மருந்துக் குப்பியில் குலுக்கி, பட்டை வைத்தோம். பத்திலும் ஒற்றைக் கோடு.

மூத்தவர் முகம் கடுகடுத்தது. தன் வயல் சுத்தமாக இருப்பதற்காகக் கோபப்பட்ட விவசாயியை நான் அன்றுதான் பார்த்தேன்.

வயலைக் குறுக்கே நடந்தோம். இருபதாவது வரிசை, ஒற்றைக் கோடு. அறுபதாவது, ஒற்றை. நூறாவது, ஒற்றை. பட்டை தீர்ந்துகொண்டே வந்தது. மருமகள் எண்ணிச் சொல்வதை நிறுத்திவிட்டு, கோடு விழுந்ததும் தோளுக்கு மேலே குப்பியை ஆட்டிக் காட்டினாள்.

வாய்க்கால் ஓரத்துக் கடைசி நாலு வரிசைக்கு வந்தபோது அவள் ஆட்டவில்லை.

"மாமா."

இரண்டு கோடு. மேல்கோடு, பேனாவால் கிழித்தது மாதிரி அழுத்தமாக.

அந்தக் கதிரை மணி மணியாகப் பிரித்து, தனித்தனிக் குப்பியில் முக்கினோம். பத்தில் ஆறு மணி மாத்து. பக்கத்துச் செடியில் ஒன்றிரண்டு மணிதான். அதற்கடுத்ததிலும். நாலாவது செடியில் மறுபடி பாதிக் கதிர். கடைசி நாலு வரிசையை விட்டு உள்ளே ஒரு வரிசை தள்ளிப் பார்த்தால், கதிருக்கு ஒரு மணி, அதுவும் தேடினால்.

காற்றில் வரும் மகரந்தம் விருந்தாளி. கதிருக்கு ஒன்றோ இரண்டோ மணியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடும். விதையாக மண்ணில் விழுந்து முளைத்தது வீட்டுக்காரன். பாதிக் கதிரை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக்கும் தன் மகரந்தத்தைக் கொடுத்தனுப்பும். இங்கே நிற்பது வீட்டுக்காரன்.

"காத்து தாண்டிக் குதிச்சிருக்கும்" என்றார் மூத்தவர்.

"நூத்திப் பதினாறு வரிசையைத் தாண்டிக் குதிச்சு, சரியா கடைசி நாலுல போய் உட்கார்றதுக்கு அது காத்தா, குரங்கா?" என்றாள் மருமகள்.

"விதை எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"சங்கத்து மூட்டைதான். முத்திரை பிரிக்காம வந்தது. ஒரு புட்டி மாதிரிக்கு எடுத்து வெச்சிருக்கேன், எப்பவும் வைப்பேன்."

புட்டியைக் கொண்டுவந்தார். முக்கினோம். ஒற்றைக் கோடு. மூட்டை சுத்தம், வயல் சுத்தம், கடைசி நாலு வரிசை மட்டும் அசுத்தம்.

"விதைப்பு எந்தப் பக்கம் ஆரம்பிச்சு எந்தப் பக்கம் முடிஞ்சது?"

"தம்பி வரப்புல ஆரம்பிச்சு வாய்க்கால்ல முடிஞ்சது. உங்க மகன் ஒரு குழி இடைவெளி விடாம முடிச்சுக் குடுத்தான். நல்ல பையன். உங்க கைப்பக்குவம்."

பாராட்டுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. அவர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. வாய்க்கால் கரையில் நடமாட்டம் கிடையாது. விதைத்த அன்று மாலை ஒருவன் ஒரு பை மாத்து விதையோடு வந்து குனிந்து ஊன்றிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அண்ணன் எழுதிய விதியிலேயே அண்ணனை மாட்டிவிட ஆசைப்படுகிற ஒருவன்.

"தம்பிதான்" என்றேன்.

மூத்தவர் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

---

தம்பி தன் கொட்டகையில் கதிர் அடிக்கும் இயந்திரத்துக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டியவர், அண்ணனின் மூக்கு, அண்ணனின் பிடிவாதத் தாடை. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்க டிரைவர்."

இப்போதெல்லாம் என்னை எல்லோரும் துப்பு ஐயா என்கிறார்கள். இவர் ஒருவருக்குத்தான் நான் இன்னும் டிரைவர்.

"உங்கண்ணன் சோளத்துல ரெண்டு கோடு."

"கேள்விப்பட்டேன்." துணியில் கையைத் துடைத்தார். "இனிப்பு வாங்கலாம்னு நினைச்சேன். வாங்கப் போக மனசு வரலை."

"அவர் வயல்ல மாத்து விதையை ஊன்ற அளவுக்கு மனசு வந்துச்சா?"

சுற்றி வளைக்காமல் முகத்துக்கு நேரே போட்டால் பொய்க்காரன் முதலில் கண்ணைத் தாழ்த்துவான். இது என் பழைய சூத்திரம். தம்பி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நானா? நான் எதுக்கு அவன் வயலுக்குள்ள போகணும்? அவன் வந்து என் வாசப்படி ஏறுற வரைக்கும் நான் அந்த வரப்பத் தாண்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். என் பொண்டாட்டி சாட்சி. அவளுக்கு இதுல ரொம்ப எரிச்சல்."

"எனக்கும் சத்தியம் பண்ற ஆளுங்கன்னா எரிச்சல்தான்" என்றாள் மருமகள். "சத்தியத்துக்கு ஒரு பட்டை கண்டுபிடிச்சா தேவலை. முக்கிப் பாத்துடலாம்."

அவர் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார். "வயல் பூராவுமா?"

"இல்ல. வாய்க்கால் ஓரம். கடைசி நாலு வரிசை மட்டும்."

தம்பி கையிலிருந்த கிரீஸ் துப்பாக்கியை மெதுவாகத் தரையில் வைத்தார். அதை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்க."

"கடைசி நாலு வரிசை. மூணு நாலு செடிக்கு ஒண்ணு."

"எனக்கும் அதேதான், டிரைவர்." குரல் அடங்கிப் போயிருந்தது. "ரெண்டு வருஷத்துக்கு முந்தி. பேர் அடிக்கிறதுக்கு மொத நாள் பூரா வயல்ல உக்காந்து ஒவ்வொரு வரிசையா முக்கிப் பாத்தேன். கடைசி நாலு. நாலு பக்கம் எழுதி அண்ணன் கையில குடுத்தேன். மடிச்சு சட்டைப் பையில வெச்சாரு. பிரிக்கவே இல்லை."

"உங்களுக்கும் சங்கத்து விதைதானா?"

"சங்கத்து விதை, சங்கத்து வண்டி. அப்பல்லாம் நான் ஒழுங்கான பிள்ளை." யோசித்தார். "அன்னிக்குக் கடைசில விதை பத்தலை. ரெண்டு கிலோவோ என்னவோ குறைஞ்சுது. ஓட்டினவர் சீட்டுக்கு அடியிலேர்ந்து ஒரு டப்பாவை எடுத்து வண்டியோட நாலு விதைப் பெட்டியிலும் கொட்டினாரு, பெட்டிக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை வெறுமையா விட்டா என் கைக்கு அசிங்கம்னாரு. நான் சந்தோஷத்துல டீ வாங்கிக் குடுத்தேன்."

"யார் ஓட்டினது?"

கேள்வி பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. வாயை விட்டுப் போன பிறகுதான் என் காதுக்கே கேட்டது.

தம்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ன டிரைவர், மறந்துட்டீங்களா? நீங்கதான்."

மருமகள் கையிலிருந்த பட்டைப் பெட்டியை மூடினாள்.

"நாலு மணிக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் தம்பி.

---

விதைப்பு வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு கௌரவம் உண்டு. வயலின் கடைசி வரிசை வெறுமையாகக் கிடந்தால் போகிற வருகிறவன் எல்லாம் "யாருய்யா ஓட்டினது?" என்று கேட்பான். அதனால் ஒவ்வொரு வயல் முடிந்ததும் பெட்டி மூலையில் தங்கிய விதையைச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். எவனுக்காவது கடைசியில் குறைந்தால் அதிலிருந்து கொட்டி முடித்துக் கொடுப்பேன். காசு கேட்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு வரிசை விட்டதில்லை. எல்லாக் கம்பெனி விதைக்கும் ஒரே ரோஸ் சாயம். டப்பாவுக்குள் போனபின் எது எவனுடையது என்று கடவுளுக்கே தெரியாது.

என் கடைசிப் பருவத்தில், விதைக் கம்பெனிக்காரன் தன் சோதனை வயலுக்கு ஒரே ஒரு நாள் கூப்பிட்டான். போனேன். பெட்டியைச் சுரண்டினேன். கை தானாகச் செய்யும் வேலை அது. அதற்கு அடுத்த வயல் தம்பியுடையது.

அந்த வருஷச் சங்கக் கூட்டத்தில் நானும் ஓரமாக நின்றேன். தம்பி கத்திய கத்தலைப் பார்த்து, கள்ளன்தான் இத்தனை சத்தம் போடுவான் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன். ஆளை எடை போடுவதில் எனக்கு நிகர் இல்லை என்று அன்று ராத்திரி என் மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு ஞாபகம் வருகிறது.

டப்பா எங்கள் வீட்டு முற்றத்தில், வண்டியின் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. பிஸ்கட் டப்பா. மூடியில் இருந்த படம் தேய்ந்து தகரம் தெரிந்தது.

"ரெண்டு வருஷமா நான்தான் இதைத் தூசி தட்டி எடுத்த எடத்துல வைக்கிறேன்" என்றாள் மருமகள். "அடி காலியாகவே விட மாட்டாரு உங்க மகன். 'அப்பா டப்பா'ன்னு சொல்லுவாரு."

பத்து விதையை அடியிலிருந்து எடுத்துத் தனித்தனியாக நசுக்கினோம். பத்தில் மூன்று விதைக்கு இரண்டு கோடு விழுந்தது.

ஒரு விதை ஒரு செடி. செடிக்கு ஒரு கதிர். கதிருக்கு நானூறு மணி, அதில் பாதி மாத்து. அந்தச் செடி பக்கத்துக் கதிர்களுக்கு அனுப்பிய மகரந்தம் இன்னொரு பாதிக்குச் சமம். நான் கொட்டிய இரண்டு கிலோ, அறுவடையில் இரண்டு மூட்டையாக வந்து நிற்கும். டிரெய்லரில் கொட்டிவிட்டால் எல்லாம் ஒரே மஞ்சள். அதை எவனும் பொறுக்கிப் பிரிக்க முடியாது.

மகனுக்கு போன் போட்டேன்.

"இந்தப் பருவம் எத்தனை வீட்டுக்குக் கடைசில விதை குறைஞ்சுது?"

"பதினொரு வீடுப்பா. எல்லாத்தையும் டப்பாவுல சமாளிச்சுட்டேன். ஏன்?"

பெருமையாகச் சொன்னான். எந்தெந்த வீடு என்று கேட்டு வைத்துக்கொண்டு போனை அணைத்தேன்.

மருமகள் வேனில் சாய்ந்து நின்றாள். "ஒண்ணு சொல்லட்டுமா மாமா? இதை நீங்க அங்க சொன்னா அவருக்கு வண்டி போயிடும். அப்புறம் வீட்டுல எல்லாரும் உங்க துப்பைத்தான் தட்டுல போட்டுத் தின்னணும்."

"சொல்லாம விடவா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க." வேன் கதவைத் திறந்தாள். "ஏறுங்க. மணி மூணே கால்."

---

எடைக் கொட்டகை வாசலிலேயே மூத்தவர் மறித்துக்கொண்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வாய்க்கால், டப்பா, சோதனை வயல், தம்பி எழுதிக் கொடுத்த நாலு பக்கம்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அது வேறு சட்டை.

"அப்ப தம்பி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "காத்துன்னே சொல்லுங்க, ஐயா" என்றார்.

"என்ன?"

"காத்துன்னு சொன்னா எனக்கு மன்னிப்பு. உங்க பையனுக்கு வேலை. உங்களுக்கும் மரியாதை. யாருக்கு நஷ்டம்?"

"உங்க தம்பி மேல ரெண்டாவது தடவையும் பழி விழும்."

"அவனுக்குத்தான் பழகிப் போச்சே."

அதைச் சொன்ன பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனேன்; அவரும் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

தலைவியம்மாவோடு சேர்த்து மற்றப் பத்தொன்பது பேரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவியம்மா பதிவேட்டைப் பிரித்தார். எல்லோருக்கும் காற்று என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. சிலர் அதற்குள் தலையை ஆட்டத் தயாராக வைத்திருந்தார்கள்.

நான் டப்பாவை மேசை மேல் வைத்தேன்.

"இது என் டப்பா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதுக்குள்ள மாத்து விதை விழுந்துச்சு. போட்டது நான். அன்னிக்குத் தம்பி வயல்ல கொட்டினதும் நான். இவர் வயல்ல கொட்டினது என் மகன், தெரியாம. இவரும் திருட்டு விதை போடலை, இவர் தம்பியும் போடலை. தப்பு என்னுது."

நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள்.

"இந்தப் பருவம் பதினொரு வீட்டுக்குக் கடைசில விதை பத்தலை. எல்லாருக்கும் இந்த டப்பாதான். உங்க களஞ்சியத்தையும் பாத்துடணும், ஆலைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி. யாரு யாருக்கு டப்பா விதை வந்துச்சு? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

அந்தப் பதினொரு பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரை நேராகப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் மோட்டார்காரர் என்று கூப்பிடும் மனிதர்.

"உங்களுக்கு மேட்டு வயல்ல குறைஞ்சுதே."

"எனக்கா? எனக்கு மிச்சமே வந்துச்சே" என்றார் மோட்டார்காரர்.

"எங்களுக்கும் சரியா இருந்துச்சு" என்றது பின்வரிசை.

"டப்பான்னு ஒண்ணை நாங்க பாத்ததே இல்லையே."

"பெரியவருக்கு வயசாயிடுச்சு. சொந்தப் பையன் மேலயே பழி போடுறாரு, பாவம். அந்தப் பையன் தங்கமான பையன், அடுத்த பருவமும் அவன்தான் ஓட்டணும்."

என் மருமகள் எழுந்தாள். கையில் பட்டைப் பெட்டி.

"பதினாலு பட்டை மிச்சம் இருக்கு. காசு வேண்டாம். அஞ்சு நிமிஷ வேலை. ஆளுக்கு ஒரு பிடி சோளம் கொண்டாந்தா இப்பவே தெரிஞ்சுடும்."

பெட்டியை முதல் வரிசையில் நீட்டினாள். முதல் ஆள் அதைத் தொடாமல் அடுத்தவர் பக்கம் பார்த்தார். அடுத்தவர் அதற்கடுத்தவரை. பெட்டி அவள் கையை விட்டு நகரவில்லை.

தலைவியம்மா என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கீழ் வயலில் விதை குறைந்திருந்தது.

"காத்துல வந்ததுன்னு நிரூபணம் இருக்கா, பெரியவரே?"

"காத்து இல்லைன்னு நிரூபணம் இருக்கு."

"விதியில அது கிடையாது." பேனாவைத் திறந்தார். "ரெண்டு கோடு விழுந்திருக்கு. காரணம் கேட்கப்பட மாட்டாது. பேர் அடிக்கிறதுக்குச் சம்மதம் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க."

இப்போது கைகள் எழுந்தன. மோட்டார்காரர் கைதான் முதலில். பிறகு பின்வரிசை. மூத்தவர் போக, டப்பா விதை விழுந்த மற்றப் பத்துப் பேரும் மற்றவர்களைவிட வேகமாகத் தூக்கினார்கள். தலைவியம்மா பேனா முனையால் எண்ணி, கடைசியாகத் தன் கையையும் சேர்த்து, "பத்தொன்பது" என்று எழுதினார்.

மூத்தவர் எழுந்து நின்றார். கதவு வரை போனவர், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அறையைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு என் தம்பிக்கும் இத்தனை கைதானா?"

தலைவியம்மா பதிவேட்டில் பழைய பக்கத்தைத் தேடினார். விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இல்லீங்க. இருபது" என்றார். "நீங்களும் இருந்தீங்களே."